கம்பியில் இலை செய்தேன், "ஒரு நரம்பை அறுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டார்

கம்பிக்கூடு:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடமாகச் செப்புக் கம்பியில் சிற்பம் செய்கிறேன். மரம், வேர், கூடு, சிறகு என்று எப்போதும் இயற்கையிலிருந்துதான் எடுப்பேன். போன மாதம் ஒரு கூட்டுக் கண்காட்சியில் இரண்டு மீட்டர் உயர இலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். நடு நரம்பு, கிளை நரம்பு, அதிலிருந்து பிரியும் மயிரிழை நரம்பு, எல்லாமே கம்பி, பற்றவைக்கவே நான்கு மாதம் போயிற்று. குறிப்பு அட்டையில் "பயோமிமிக்ரி", அதாவது இயற்கையிடம் கற்று வடிவமைப்பது, என்று எழுதியிருந்தேன். வந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. வயதான சிற்பி ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் ஒரு நரம்பை நான் அறுத்துவிட்டால் மற்ற நரம்புகளுக்கு என்ன ஆகும்?" ஒன்றும் ஆகாது என்றேன். "அப்படியென்றால் இது இலையின் படம். இலையிடமிருந்து நீங்கள் இன்னும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால், அவர் கேட்டது சரியான கேள்வி. நான் இலையின் உருவத்தை எடுத்தேன், அது செய்கிற வேலையை எடுக்கவில்லை. அடுத்த வேலைக்கு ஆறு மாதம் இருக்கிறது. இயற்கை எப்படித் தோன்றுகிறது என்பதை விட்டு, எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து கலை செய்தவர்கள் யார், நான் எங்கே தொடங்கலாம்? கணினி நிரல் எழுதத் தெரியாது. கைவேலை தெரியும், பொறுமை இருக்கிறது.

நுனித்தளிர்:

நான் கலைஞர் இல்லை, தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு உண்மையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2010-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலெனி கட்டிஃபோரியும் அவருடைய சகாக்களும் ஓர் எலுமிச்சை இலையையும் ஒரு ஜிங்கோ இலையையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் நரம்பு ஓடும் இடத்தில் ஓர் ஓட்டை போட்டார்கள். பிறகு ஒளிரும் சாயத்தைக் காம்பு வழியாக ஏற்றினார்கள். ஜிங்கோ மிகப் பழைய வகை மரம், அதன் நரம்புகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும், மறுபடி ஒன்றோடொன்று சேர்வது அபூர்வம். அதில் ஓட்டைக்கு அப்பால் இருந்த பகுதிக்குச் சாயம் போகவே இல்லை. எலுமிச்சை இலையில் சாயம் ஓட்டையின் விளிம்பு வரை வந்தது, பக்கத்துச் சின்ன நரம்புகளில் புகுந்தது, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நடு நரம்பிலேயே திரும்பச் சேர்ந்தது. காரணம், அதன் நரம்புகள் வளையம் வளையமாகப் பின்னியிருக்கின்றன. வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னும் சின்ன வளையம். பூச்சி கடித்தாலும் வழி இருக்கும், இலையின் ஒரு பக்கம் வெயிலில் அதிகத் தண்ணீர் கேட்டாலும் கொடுக்க முடியும்.

உங்கள் இலையில் மயிரிழை நரம்புகள் போய் முடிகின்றனவா, சேர்கின்றனவா? முடிகின்றன என்றால் நீங்கள் செய்தது மரக்கிளை, இலை இல்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாடப் படங்களிலேயே பெரும்பாலும் அப்படித்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஓர் இலையை நீங்களே பிரித்துப் பாருங்கள். தடித்த இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், சில வாரங்களில் சதை அழுகி வழுவழுப்பாகிவிடும். நாற்றம் அடிக்கும், மூடி வைக்கலாம். பிறகு தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தால் சதை கழன்று நரம்புக்கூடு மட்டும் நிற்கும். தேய்க்காதீர்கள், கிழிந்துவிடும். அதை வெளிச்சத்துக்கு எதிரில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும், கடைசிச் சின்ன வளையத்துக்குள்ளே மட்டும் ஒரு குட்டி நரம்பு போய்ச் சும்மா முடியும். தண்ணீர் கடைசியாக இறங்குகிற இடங்கள் அவை.

இன்னொன்று. கம்பித் தடிமனை எப்படித் தீர்மானித்தீர்கள்? கண்ணளவு என்று நினைக்கிறேன். இரத்தக் குழாய்களுக்காக 1926-ல் சிசில் மர்ரே ஒரு கணக்கு சொன்னார், இலை நரம்புக்குள் தண்ணீர் ஓடும் குழாய்களுக்கும் அது ஓரளவு பொருந்துகிறது: கிளைகளின் ஆரங்களை மும்மடியாக்கிக் கூட்டினால் தாய்க்குழாயின் ஆரத்தின் மும்மடி வரும். அதாவது 10 மி.மீ. குழாய் சரிசமமான இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் 5 இல்லை, கிட்டத்தட்ட 8 மி.மீ. நம் கண் எப்போதும் கிளையை மெலிதாக்கித்தான் வரையும், இலை அப்படிச் செய்வதில்லை.

என் யோசனை: கம்பியை விட்டுவிட்டு மெல்லிய குழாயில் செய்யுங்கள், உள்ளே நிறத் தண்ணீர் ஓடட்டும், பார்ப்பவர்கள் ஒரு குழாயைக் கிள்ளி அடைக்கட்டும். தண்ணீர் வேறு வழி தேடுவதை அவர்களே பார்ப்பார்கள்.

சாரம்கட்டி:

மேலே சொன்னது அருமை. நான் கலைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உருவத்தை முதலில் தீர்மானித்துவிட்டு வேலை தொடங்குவதுதான் நம் பழக்கம். இயற்கையில் உருவத்தை யாரும் தீர்மானிப்பதில்லை, விதி இருக்கிறது, சூழ்நிலை இருக்கிறது, உருவம் கடைசியில் வருகிறது. அந்த வரிசையை மாற்றினால் உங்களுடைய அடுத்த வேலை தானாக மாறிவிடும்.

தியோ யான்சனைப் பாருங்கள். நெதர்லாந்துக்காரர், 1990 முதல் கடற்கரையில் காற்றால் நடக்கும் பிராணிகளைச் செய்கிறார். எலக்ட்ரிக் வயர் உள்ளே ஓடும் மஞ்சள் பி.வி.சி. குழாய்தான் எலும்பு. எந்த விலங்கின் காலையும் அவர் பார்த்து வரையவில்லை. குழாய்த் துண்டுகளின் நீள விகிதத்தைத் தாறுமாறாக வைத்து 1,500 கால்களைக் கணினிக்குள் விட்டு, நன்றாக நடந்த 100-ஐ மட்டும் எடுத்து, அவற்றின் அளவுகளைக் கலந்து மறுபடி 1,500, மறுபடி 100, இப்படி மாதக்கணக்கில் ஓடவிட்டார். அதில் தேறி வந்த விகிதம்தான் இன்றைக்கும் அந்தக் கால்களில் இருக்கிறது. சில பிராணிகள் காற்றை பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்துச் சேமித்து வைத்துக்கொள்ளும், ஒரு குழாயைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் அதில் தண்ணீர் ஏறினால் கடல் வந்துவிட்டது என்று தெரிந்து பின்வாங்கும். பார்க்க எந்த விலங்கு மாதிரியும் இருக்காது, ஆனால் நடப்பதைப் பார்த்த குழந்தைகூட அதை உயிரோடு சேர்த்துத்தான் பேசும்.

நிரல் தெரியாது என்கிறீர்கள், தேவையே இல்லை. புவியீர்ப்பு உங்களுக்காகக் கணக்குப் போடும். ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கௌதி தான் வடிவமைத்த தேவாலயம் ஒன்றுக்குக் கயிறுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவற்றில் சின்னச் சின்ன மூட்டைகளில் ஈயக் குண்டுகளைக் கட்டி, அது தானாக எடுத்துக்கொண்ட வளைவைத் திருப்பிப் போட்டுத்தான் வளைவுகளைக் கண்டுபிடித்தார். தொங்கும்போது இழுவிசை மட்டும் இருக்கும், திருப்பினால் அழுத்தம் மட்டும் இருக்கும், அதனால் நிற்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை ஓடு மாதிரி மெல்லிய கூரை ஒன்றைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையாலேயே வனைந்தேன், மூன்று வாரம். நடுவில் விரிசல் விட்டு இறங்கிவிட்டது. கோபத்தில் மிச்சமிருந்த பிளாஸ்டரில் ஒரு பழைய பருத்தித் துணியை முக்கி நான்கு மூலையையும் கட்டித் தொங்கவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் இறுகியிருந்தது. அவிழ்த்துத் திருப்பித் தரையில் வைத்து மேலே கையை ஊன்றினேன், அசையவில்லை. மூலைகளுக்குப் பக்கத்தில் துணி தானாக மடிந்து விழுந்திருந்த இடங்களெல்லாம் விலா எலும்பு மாதிரி விறைப்பாக நின்றன. அந்த மடிப்புகளை நான் வைத்திருக்கவே மாட்டேன், அழகாக இல்லை என்று நீவி விட்டிருப்பேன்.

அளவுகோல்:

சாரம்கட்டி சொல்வதோடு பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதியைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் அழகான கதைகள் ரொம்ப வேகமாக உண்மையாகிவிடுகின்றன.

நாட்டிலஸ் சங்கில் தங்க விகிதம் (சுமார் 1.618) இருக்கிறது என்று எத்தனை கலைப் புத்தகத்தில், எத்தனை குறிப்பு அட்டையில் படித்திருப்பீர்கள்? சங்கை அளந்து பாருங்கள். அது மடக்கைச் சுருள்தான், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கில் விரிவது, சந்தேகமில்லை, ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு விரிகிறது. தங்கச் சுருள் என்றால் ஒரு சுற்றுக்கு 6.85 மடங்கு விரிந்திருக்க வேண்டும். அருகில்கூட இல்லை. ஆனால் சூரியகாந்தியில் தங்க விகிதம் நிஜமாகவே இருக்கிறது. அடுத்தடுத்த விதைகளுக்கு இடையே சுமார் 137.5 பாகை, முழு வட்டத்தைத் தங்க விகிதத்தில் இரண்டாகப் பிரித்தால் வரும் சின்னப் பங்கு அது. 1979-ல் ஹெல்முட் ஃபோகல் ஒரே ஒரு வரிச் சூத்திரத்தில் காட்டினார்: ஒவ்வொரு விதைக்கும் அந்தக் கோணம் திரும்பு, விதை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத் தள்ளிப் போ, அவ்வளவுதான். 34, 55, 89 என்று எண்ணக்கூடிய சுருள்கள் தானாக வரும். கோணத்தை அரைப் பாகை மாற்றினால் போதும், பூ சிதறி நீள நீளக் கோடுகளாகிவிடும். காகிதம், பாகைமானி, பென்சில் வைத்து இன்று சாயங்காலமே செய்து பார்க்கலாம். ஜான் எட்மார்க் என்ற கலைஞர் இந்தக் கோணத்திலேயே சிற்பங்கள் செய்து, ஒவ்வொரு 137.5 பாகைக்கும் ஒரு தடவை விளக்கு மின்னும்படி சுழலவிடுகிறார், சிற்பம் மலர்ந்துகொண்டே போவது போலத் தெரியும். அங்கே கணக்குதான் கலை, மேலே பூசியது இல்லை.

இன்னொன்று, ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996-ல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம். மிக் பியர்ஸ் கறையான் புற்றைப் பார்த்து வடிவமைத்தார், சூடான காற்று மேலே புகைபோக்கி வழியாகப் போகும், குளிர்ந்த காற்று கீழே வரும். கட்டடம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பின்னால் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் புற்றை ஆராய்ந்தபோது புற்று அப்படி இயங்கவில்லை என்று தெரிந்தது. வெளிக்காற்று வீசும்போதும் அடங்கும்போதும் அந்த ஏற்ற இறக்கத்தில் உள்ளே காற்று கலக்கிறது, புகைபோக்கியை விட நுரையீரலுக்குத்தான் அது நெருக்கம். தவறாகப் புரிந்துகொண்டு நல்ல கட்டடம் கட்டலாம், கலையும் செய்யலாம், ஆனால் "இயற்கையிடம் கற்றேன்" என்று அட்டையில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அளந்திருக்க வேண்டும். உருவத்தைப் பார்த்துச் செய்வது ஒரு குறையே இல்லை. உயிரியலாளர் ஹெக்கெல் வரைந்து வெளியிட்ட ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் படங்களைப் பார்த்து, கட்டடக் கலைஞர் பினே 1900 பாரிஸ் கண்காட்சியின் நுழைவாயிலையே கட்டினார், அது உருவம்தான், அற்புதமான உருவம். அட்டையில் எழுதும் வார்த்தை மட்டும் நேர்மையாக இருந்தால் போதும்.

அதனால் விதி என்ற ஒன்றை எடுத்துக்கொண்டாலும் அந்த விதி நிஜமா என்று பாருங்கள். நுனித்தளிர் சொன்ன குழாய் யோசனை எனக்குப் பிடித்ததும் அதனால்தான். பொய் சொன்னால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஈரமண்:

நீங்கள் மூவரும் இலை எப்படி வேலை செய்கிறது என்று பேசுகிறீர்கள். அந்த இலை யாருக்கு என்ன கொடுக்கிறது என்பதையும் பேச வேண்டும். பயோமிமிக்ரி என்ற சொல்லைப் பரவலாக்கிய ஜானின் பென்யஸ் மூன்று படிகள் சொல்வார்: உருவம், செயல்முறை, சூழல் அமைப்பு. மூன்றாவது படியில் வேலை செய்த கலைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

1972-ல் ஹான்ஸ் ஹாக்கே ஜெர்மனியில் க்ரேஃபெல்ட் அருங்காட்சியகத்துக்குள் ரைன் நதியின் அழுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, வடிகட்டித் தெளியவைத்து, தொட்டியில் தங்கமீன்களை விட்டார். மிச்சத் தண்ணீர் தோட்டத்துக்குப் போயிற்று. 1991-ல் மெல் சின் மின்னசோட்டாவில் நச்சு உலோகம் கலந்த ஒரு குப்பை மேட்டில், ருஃபஸ் சேனி என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, கேட்மியத்தையும் துத்தநாகத்தையும் வேரால் உறிஞ்சும் செடிகளை நட்டார். சிற்பி கல்லைச் செதுக்குகிற மாதிரி செடி மண்ணிலிருந்து நஞ்சைச் செதுக்கி எடுக்கிறது என்றுதான் அவர் அதைப் பார்த்தார். எட்டி நின்று பார்த்தால் வேலிக்குள் கொஞ்சம் களை மாதிரித்தான் தெரியும்.

உயிர்களோடு வேலை செய்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹூபெர் டூப்ரா 1980-களின் தொடக்கத்திலிருந்து கேடிஸ் பூச்சியின் புழுக்களுக்கு மணலுக்குப் பதில் தங்கத் துகளும் முத்தும் கொடுத்து, அவை தங்கத்தில் குழல்கூடு கட்டுவதைக் காட்டினார். நெரி ஆக்ஸ்மன் குழு 2013-ல் ஒரு சாரத்தின் மேல் 6,500 பட்டுப்புழுக்களை விட்டு ஒரு கூடாரத்தை நெய்ய வைத்தது, கூடு கட்ட மூலை இல்லாததால் அவை தட்டையாக நூற்றன, யாரும் கொதிநீரில் போடவில்லை, அந்துப்பூச்சியாக வெளியே வந்தன. இரண்டுமே எனக்கு வியப்புதான், ஆனால் என் மனம் இரண்டாவதன் பக்கம்தான் போகிறது. புழுவின் வாழ்க்கை வட்டம் முடியும்வரை காத்திருந்தார்கள் என்பதற்காக.

நான் ஃபைசாரம் என்ற மஞ்சள் நிறச் சளிப்பூஞ்சையோடு வேலை செய்கிறேன். மூளை கிடையாது, ஒரே செல், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பரவும். ஜப்பானில் 2000-ல் நகாகாகி குழு அதை ஒரு புதிர்ப்பாதையில் விட்டபோது குறுகிய வழியைப் பிடித்தது. நான் அகர் (கடற்பாசிக் கூழ்) தட்டில் ஓட்ஸ் துணுக்குகளை ஒரு முகத்தின் கோடு மாதிரி வைத்தேன், அது அப்படியே இணைத்து முகம் வரையும் என்று நினைத்து. இரவு இருட்டில் விட்டுக் காலையில் பார்த்தால் கண்ணுக்கு வைத்திருந்த ஓட்ஸை எல்லாம் தொடாமல் நேராக வாய்க்குப் போய், அங்கிருந்து தட்டின் விளிம்புக்கு ஏறியிருந்தது. அது நகர்ந்த இடத்தில் மெல்லிய பளபளப்பான தடம் விட்டுப்போகும், தான் ஏற்கனவே போன வழி என்று அறிந்து மறுபடி அங்கே போவதைப் பெரும்பாலும் தவிர்க்கும். இரண்டாம் நாள் நான் ஓட்ஸை இடம் மாற்றுவதை நிறுத்திவிட்டேன், தட்டுக்கு அடியில் கறுப்புத் தாள் வைத்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம் எடுத்தேன், அவ்வளவுதான் என் வேலை. அந்தப் படங்கள்தான் நான் இதுவரை செய்ததிலேயே நல்லவை.

கம்பிக்கூடு, உங்கள் குழாய்த் தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்பதையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள். நிஜ இலை தண்ணீரைக் காற்றில் விடுகிறது.

கம்பிக்கூடு:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. நுனித்தளிர், என் இலையைப் போய்ப் பார்த்தேன். மயிரிழை நரம்புகள் எல்லாமே முடிகின்றன, ஒன்றுகூடச் சேரவில்லை. நான்கு மாதம் பற்றவைத்தது மரக்கிளையைத்தான்.

நேற்று ஒரு பலகையில் ஏழு சிலிகோன் டியூப் வைத்து, ஒய் வடிவ இணைப்புகளால் இரண்டு வளையம் கட்டி, மேலே ஒரு பாட்டிலைக் கவிழ்த்து நீலச் சாயம் விட்டேன். கிளைகளின் அளவை மர்ரே கணக்குப்படியே எடுத்தேன், 10-லிருந்து 8. நடு டியூபைக் கிளிப் போட்டு அடைத்ததும் இரண்டு நொடி எதுவும் நடக்கவில்லை, அப்புறம் பக்கத்து டியூபில் நீலம் வேகமெடுத்தது, சுற்றிக்கொண்டு போய்க் கிளிப்புக்குக் கீழே இருந்த டியூபில் பின்பக்கமாக ஏறியது. அதுவரை மேலிருந்து கீழே ஓடிய டியூபில் தண்ணீர் கீழிருந்து மேலே போகிறது! என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். சாரம்கட்டி அண்ணா தன் துணி மடிப்பைப் பற்றிச் சொன்ன மாதிரி, இந்த ஓட்டத்தை நானாக வைத்திருக்கவே மாட்டேன்.

ஈரமண் கேட்டதற்கு, கடைசி நுனிகளில் பருத்தித் திரி வைத்துத் தண்ணீரைக் காற்றில் விடலாம் என்று நினைக்கிறேன், பம்பே வேண்டாம், திரி காயக் காய உறிஞ்சட்டும். மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை.

ஒரு பிரச்சினை. ஒரு சந்திப்பில் காற்றுக்குமிழி வந்து உட்கார்ந்துவிட்டது. தட்டிப் பார்த்தேன், உறிஞ்சிப் பார்த்தேன், போக மாட்டேன் என்கிறது. அந்தக் கிளையில் ஓட்டம் நின்றேவிட்டது. இதை எப்படி எடுப்பது? பெரிய அளவில் செய்யும்போது நூறு சந்திப்பு வரும், நூறிலும் குமிழி வந்தால் என்ன செய்வேன்?

நுனித்தளிர்:

எடுக்காதீர்கள்! வறட்சியில் தாவரத்துக்குள் நடப்பதே இதுதான். தண்ணீர் இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் இழை அறுந்து, அந்தக் குழாயில் காற்று நிரம்பிவிடும், அதன் பிறகு அந்தக் குழாய் வேலைக்கு ஆகாது. அறுபடும்போது ஒரு சின்ன அதிர்வு வரும், உணர்கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். செடி எல்லாக் குமிழியையும் வெளியே தள்ள முயல்வதில்லை. ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குக் குமிழி எளிதில் தாண்ட முடியாதபடி இடையில் மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு இருக்கிறது, தண்ணீர் வளையங்கள் வழியாகச் சுற்றிப் போய்விடும்.

அதனால் உங்கள் இணைப்புகளுக்குள் ஒரு சின்னத் துண்டு ஸ்பாஞ்ச் வைத்துப் பாருங்கள், ஈரமாக இருக்கும்வரை காற்று அதைத் தாண்டுவது கடினம். வளையங்களைக் கூட்டுங்கள், இரண்டு போதாது. முதல் வாரத்தில் எங்கெங்கே குமிழி வருகிறது என்று பலகையிலேயே பென்சிலால் தேதி போட்டுக் குறியுங்கள். திரியை மட்டும் முதலில் நன்றாக நனைத்துவிட்டு மாட்டுங்கள், காய்ந்த திரி தண்ணீரை இழுக்கத் தொடங்குவதற்கு முன்னால் நுனியிலிருந்தே காற்றை உள்ளே விட்டுவிடும்.